நான் போகாத கச்சேரி

2007 மார்ச் 17, சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வாசித்தார்கள். இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் கச்சேரி. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். நான் போகவில்லை. செகண்ட் ஷிஃப்ட், மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அவர்கள் பாட்டைக் கேட்டபடி அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் டிவியில் வேர்ல்டு கப் மேட்ச் பார்த்தேன். இந்தியா 191க்கு ஆல் அவுட் ஆகி வங்கதேசத்திடம் தோற்ற அதே ராத்திரிதான் அது.

ஆக, அந்தக் கச்சேரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் சொன்னது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து போனவர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினோரு பேர். டைரியில் இரண்டு, மூன்று பக்கம் பேசியவர்களும் உண்டு, ஒரே வரியில் முடித்தவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை கச்சேரிக்கு விமர்சனம் இல்லை, போகாதவன் எப்படி விமர்சனம் எழுதுவது? அந்தப் பதினோரு பேர் சொன்னதற்கு விமர்சனம். ரசிகன் சொல்கிற அபிப்பிராயத்தை எப்படிப் படிப்பது என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற கேள்வி. அதில் ஒரு ஆளை நான் மிகத் தவறாகப் படித்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ரசிகர்களின் மொழி படு ஏழை. "செம", "மிரட்டிட்டானுங்க", "கிழிச்சிட்டான்", "சக்கத்தா இருந்துச்சு குரு" (இது கன்னடம், எங்கள் ஊரில் தமிழ் மாதிரியே புழங்கும்), "புல்லரிச்சிடுச்சு". இந்த ஐந்தையும் கழித்துவிட்டால் என் டைரியில் பாதிப் பக்கம் காலி. எந்தப் பாட்டு மிரட்டியது, எந்த இடத்தில் கிழித்தான், ஒன்றும் கிடையாது. கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு சுப்புடு இருந்தார். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று தோலை உரித்து உப்பு தடவுவார். மெய்டன் கச்சேரி நடந்து 12 நாள் கழித்து, மார்ச் 29 அன்று, அவர் காலமானார். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. டைரியில் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதியிருப்பதால் எனக்கு மட்டும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது.

இன்னொரு குறை: கச்சேரியைப் பற்றிக் கேட்டால் பஸ்ஸைப் பற்றிச் சொல்வார்கள். பதினோரு பேரில் ஒன்பது பேர் ஆரம்பித்தது பயணத்தில். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், 2007இல் ஓசூரிலிருந்து பேலஸ் கிரவுண்ட்ஸ் போவதே தனிக் கச்சேரிதான். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தது 2010 ஜனவரியில். அதற்கு முன்னால் அந்த ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு என்று ஒவ்வொரு இடமும் ஒரு யுகம். பேலஸ் கிரவுண்ட்ஸ் இருப்பதோ ஊரின் மறுகோடியில், மேக்ரி சர்க்கிள் பக்கம். காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து, குளிக்காமல், யூனிஃபார்ம் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கருப்பு டீஷர்ட்டோடு ஏறியவர்கள் மூன்று பேர். கச்சேரி முடிந்தபின் ஊர் திரும்ப வழியில்லாமல் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். இந்தியா தோற்ற சேதி அவர்களுக்கு டீக்கடையில் கிடைத்திருக்கிறது. "அன்னைக்கு நைட்டு ஜெயிச்ச ஒரே ஆளு நாங்கதான்" என்றார் ஒருவர். என் டைரியிலேயே நல்ல வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பயணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது அதே வருஷம் பிப்ரவரி 5. கர்நாடகத்தில் பந்த் பிப்ரவரி 12. கச்சேரி அதிலிருந்து ஐந்தாவது வாரம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர், அன்று முழுக்க வாயைத் திறந்தால் கன்னடம்தான் பேசியதாகச் சொன்னார். கூட வந்த தம்பியிடமும் கன்னடம்தான். உள்ளே போனதும் அதெல்லாம் மறந்துபோச்சு, இசைக்கு மொழி ஏது, எல்லாரும் ஒன்றாகிவிட்டோம் என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. ராத்திரி அத்திப்பள்ளி தாண்டிய பிறகுதான் தமிழுக்கு மாறினார்களாம். அவர் சொல்லாததை நானும் எழுதப் போவதில்லை. பத்திரிகைக் கட்டுரைகளில் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வானவில் வரும். ரசிகர் பேச்சில் வராது. ரசிகர் பேச்சை நான் நம்ப ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

அதே காலத்தில் நான் படித்த இங்கிலீஷ் கட்டுரைகளில் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஐடி ஊழியர்களாகவும் கல்லூரி மாணவர்களாகவும் இருந்தார்கள். இருந்திருப்பார்கள்தான். ஆனால் சிப்காட்டிலிருந்து போன ஆட்களும் இருந்தார்கள். பிரஸ் ஷாப், மெஷின் ஷாப், பெயின்ட் ஷாப். ஹெவி மெட்டல் என்பது அவர்களுக்கு இரவல் ரசனை என்று நினைக்கிறவர்களுக்கு, அந்த இசை எங்கே பிறந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

பிளாக் சாபத் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்காரர்கள். அந்த ஊர் பழைய காலத்து ஓசூர், கோயம்புத்தூர், அம்பத்தூர் மூன்றையும் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. டோனி அயோமிக்கு 17 வயதில், ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, மெஷினில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடதுகைக்காரர், அதாவது கிட்டார் கம்பியை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பி போட்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கி கம்பியைத் தளர்த்திக்கொண்டார். ஹெவி மெட்டலின் அந்த இருண்ட, கனமான சத்தத்தில் ஒரு பங்கு அந்த மெஷினுடையது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கொஞ்ச காலம் லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன் சோதிக்கிற வேலை பார்த்தவர். அவர் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார். சென்னை பாடியில் இருக்கிற லூகாஸ் டிவிஎஸ் பெயரில் உள்ள லூகாஸ் அதே லூகாஸ்தான். அதே வட்டாரத்து ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் கிளென் டிப்டன் பிரிட்டிஷ் ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1980இல் அவர்கள் ஆல்பத்துக்கு வைத்த பெயரும் அதேதான். ஓசூர் பிரஸ் ஷாப் ஆள் மெட்டல் கேட்டால் அதில் இரவல் எங்கே இருக்கிறது? (மெய்டன் பர்மிங்ஹாம் இல்லை, கிழக்கு லண்டன். பாஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் 1975 கிறிஸ்துமஸ் அன்று ஆரம்பித்த குழு. ஆனால் வாரிசு அந்த வம்சம்தான்.)

இனி கச்சேரிக்கு வருவோம். பதினோரு பேரும் ஒருமித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டில் கூட்டம் பாடியது. பாட்டு வரிகளை இல்லை, கிட்டார் மெட்டை. முன்னிசையில் கிட்டார் வாசிக்கும் மெட்டை ஆயிரக்கணக்கான பேர் "ஓ ஓ" என்று சேர்ந்து பாடியதைச் சொல்லும்போது நாற்பது தாண்டிய ஆட்களுக்கும் குரல் மாறுகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி கேட்டேன்: மெட்டைப் பாடவேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்தப் பாட்டு 1992இல் வந்தது, ஸ்டூடியோ பதிவில் கூட்டம் கிடையாது. பதில் எல்லாரிடமும் ஒன்றுதான்: 'ராக் இன் ரியோ'. 2001 ஜனவரியில் பிரேசிலில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்து, 2002இல் வெளிவந்த நேரடிப் பதிவு. நேஷனல் மார்க்கெட்டில் வாங்கிய எம்பி3 சிடியில் அது இருந்தது. அதாவது எங்கள் ஆட்கள் பாட்டை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, கூட்டமாக இருப்பது எப்படி என்பதையும் சிடியில் கேட்டே கற்றிருக்கிறார்கள். எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே கத்தவேண்டும், எங்கே கை தூக்கவேண்டும், எல்லாம் பிரேசில்காரனிடம் பாடம். ஐந்தாறு வருஷம் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போயிருக்கிறார்கள்.

இதைக் குறையாகச் சொல்லலாம். ஒரு காலத்தில் சொன்னேன். கச்சேரியில் புதிதாக எதையும் கேட்கவில்லை, ஏற்கெனவே தெரிந்ததைச் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று. இளையராஜா கச்சேரியில் இன்டர்லூடில் ஒரு வயலின் துணுக்கு மாறினால் முகம் சுளிக்கிற கூட்டமும் நாம்தானே. ஆனால் ஒரு அக்கா எனக்குச் சொன்ன பதில் வேறு மாதிரி. அப்போது அவர் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அசெம்பிளி லைனில் இருந்தார். அண்ணன் கூடப் போனார். மேடை அவருக்குத் தெரியவே இல்லை, முன்னால் முழுக்க முதுகு. பெண்களுக்குக் கழிப்பறை தேடி அலைந்ததே ஒரு மணி நேரமாம். "எனக்கு அங்க ஒண்ணும் புடிக்கல தம்பி. ஆனா அந்தப் பாட்டு வந்தப்ப நான் கத்துனேன் பாரு, என் சத்தம் எனக்கே கேக்கல. ஹாஸ்டல்ல, வீட்ல, லைன்ல, எங்கயும் நான் அப்படிக் கத்துனதில்ல. யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சதாலதான் கத்துனேன்." புதிதாக ஒன்றும் கேட்கவில்லையே என்று இவரிடம் போய் என்ன சொல்வது?

அடுத்தபடி அடிக்கடி வருவது வயசு. "இந்த வயசுல எப்படி ஓடறான்யா." பாடகர் புரூஸ் டிக்கின்சனுக்கு அப்போது 48. ஸ்டீவ் ஹாரிஸ் அந்த வாரம்தான் 51 முடித்திருந்தார். டிரம்மர் நிக்கோ மெக்பிரைனுக்கு 54. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் 48 என்பது வி.ஆர்.எஸ். லிஸ்ட்டில் பேர் வருமோ என்று பயப்படுகிற வயசு. 58இல் சால்வை, குடும்பப் போட்டோ. எனவே இந்த வியப்பை வெறும் வியப்பாகப் பார்க்கக்கூடாது, அதற்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒருவர் நேராகவே சொன்னார்: "அவனுக்கு 54. எங்க ஃபோர்மேனுக்கும் 54. எங்க ஃபோர்மேன் படி ஏறுனா மூச்சு வாங்கும்." (நிக்கோவுக்கும் நேரம் வந்தது. 2023இல் பக்கவாதம். அதற்கப்புறமும் மேடை ஏறினார். 2024 டிசம்பரில் சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு பெற்றார்.)

புதுப் பாட்டு, பழைய பாட்டு தகராறும் உண்டு. 2006இல் வந்த ஆல்பத்தை அந்த வருஷச் சுற்றுப்பயணத்தில் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசித்தார்கள், வெளிநாட்டு ரசிகர்களே முணுமுணுத்தார்கள். பெங்களூருக்கு வரும்போது அதைக் குறைத்துப் பழசைக் கூட்டியிருந்தார்கள். அப்படியும் என் டைரியில் நான்கு பேர் "பாதி பாட்டு தெரியாத பாட்டு" என்கிறார்கள். சரி, போகட்டும்.

'தி ட்ரூப்பர்' விஷயத்தில் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாட்டுக்குச் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கொடியை வீசுவது டிக்கின்சனின் பழைய வழக்கம். சிவப்புக் கோட்டு என்றதும் எனக்கு வேறு ஞாபகம். 1791இல் காரன்வாலிஸ் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. ஓசூரும் ராயக்கோட்டையும் அதே வருஷம் அவர்கள் கைக்குப் போயின. கிருஷ்ணகிரிக் கோட்டையில் நடத்திய தாக்குதல் மட்டும் பலிக்கவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனிக்குப் போனது. அந்தக் கோட்டு போட்டவன் நடந்து வந்த பாதையிலேயே பஸ் பிடித்துப் போய், அந்தக் கோட்டுக்குக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறீர்களே, ஒருத்தருக்குமா உறுத்தவில்லை என்று கேட்டேன். பெரிய கண்டுபிடிப்பு என்ற நினைப்பு எனக்கு. சூளகிரித் தம்பி ஒருவன் சாவகாசமாகச் சொன்னான்: "அண்ணா, அந்தப் பாட்டுல சாவறதே அவங்க ஆளுதானே." சரிதான். அது 1854 பாலக்லாவா போரில், தப்பான உத்தரவால் ரஷ்யப் பீரங்கிக்கு நேராகக் குதிரைப்படையை அனுப்பிப் பலி கொடுத்த கதை. செத்து விழுகிற சிப்பாயின் வாயால் சொல்லப்படுவது. கொடியைப் பார்த்தவன் நான், பாட்டைக் கேட்டவன் அவன். மேலே ரசிகர் மொழி ஏழை என்று எழுதியிருக்கிறேன். இந்த ஒரு இடத்தில் அதை வாபஸ் வாங்கவேண்டும்.

இப்போது அந்த அண்ணன். பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். பவர் பிரஸ் ஆபரேட்டர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்கு மெட்டல் கேசட் முதல்முதலில் கொடுத்ததே அவர்தான். கச்சேரியைப் பற்றி அவர் சொன்னதை 2008இல் எழுதி வைத்தேன். மூன்று விஷயம் சொன்னார்.

ஒன்று: "சவுண்டு சரியில்லடா. போர்வை போட்டு மூடுன மாதிரி இருந்துச்சு." இரண்டு: "மூணு கிட்டார் எதுக்குடா? ஒரே கிட்டார் மாதிரிதான் கேட்டுச்சு. பாடறவன் என்ன சொல்றான்னும் வெளங்கல." மூன்று: "டிரம்ஸ்காரன் ஒத்தைக் கால்ல அடிக்கிறான். ஆள் தெரியல, டிரம்ஸே அவனை மறைச்சிடுச்சு. ஆனா ஒத்தைக் கால்தான். ரெண்டு கால்னா வேற மாதிரி விழும்."

முதல் இரண்டுக்கும் நான் சிரித்தேன். நேரில் சிரிக்கவில்லை, டைரியில் சிரித்தேன். "கிட்டார் காது இல்லாத ஆள்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன், இன்னும் இருக்கிறது. டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித், ஜானிக் கெர்ஸ் மூன்று பேரும் மூன்று விதம், அந்தப் பின்னல்தான் மெய்டன், அது கேட்கவில்லை என்றால் என்னத்தைக் கேட்டார்? மற்ற பத்துப் பேரில் இரண்டு பேரைத் தவிர யாரும் சவுண்டைக் குறை சொல்லவில்லை.

மூன்றாவதுக்கு அசந்துபோனேன். அது உண்மை. மற்ற மெட்டல் டிரம்மர்கள் இரண்டு காலாலும் பாஸ் டிரம் அடிக்கிற காலத்தில் நிக்கோ பிடிவாதமாக ஒற்றைப் பெடல்காரர். அந்தக் குதிரை ஓட்டத் தாளத்தை ஒரே காலால் தருவார். இதை ரசிகர்கள் பேட்டி படித்துத் தெரிந்துகொள்வார்கள். இவர் படிக்கவில்லை. கால் பெடலை மிதித்துத் தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் பதினைந்து வருஷம் நின்றவர். அடிக்கும் அடிக்கும் நடுவில் கால் திரும்ப எழுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். பதினோரு பேர் சொன்னதில் விமர்சனம் என்று சொல்லத் தக்கது இந்த ஒரு வாக்கியம்தான் என்று அன்றே எழுதி வைத்தேன். ஆனால் ஒரே ஆள் ஒரு காதால் இவ்வளவு நுட்பமாகவும் இன்னொரு காதால் அவ்வளவு மந்தமாகவும் எப்படிக் கேட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. விமர்சகனுக்குத் தோன்றியிருக்கவேண்டிய முதல் கேள்வி அது.

2011 அக்டோபர் 30, மெட்டாலிகா. அதே பேலஸ் கிரவுண்ட்ஸ். இந்தமுறை விடுவேனா? தீபாவளி முடிந்து நாலாவது நாள். குர்கானில் 28ஆம் தேதி நடக்கவேண்டிய கச்சேரி நின்றுபோய் ஜனங்கள் மேடையையே பிய்த்த சேதி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, பெங்களூரிலும் நடக்காதோ என்ற பயம். நடந்தது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்தடுத்து நின்றோம், ஒரே இடம், ஒரே ஸ்பீக்கர். எனக்குச் சிம்பல் ஓசை ஊசி மாதிரி குத்தியது. பாதியில் அவர் என் காதருகே வந்து கேட்டார்: "டேய், சிம்பல் மைக் ஆஃப் ஆயிடுச்சா?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச வருஷம் கழித்து அவருக்குக் காது சோதனை செய்தார்கள். அந்தத் தாளை என்னிடம் காட்டினார், க்வாலிட்டியில் இருப்பதால் எனக்கு கிராஃப் படிக்கத் தெரியும் என்று நம்பிக்கை. படிக்கத் தெரியாத கிராஃப் இல்லை அது. இடது ஓரத்தில் தாழ்ந்த சுருதிகள், வலது பக்கம் போகப் போக உச்ச சுருதிகள். கோடு இடப்பக்கம் மேலேயே ஒழுங்காகப் போகிறது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, அப்புறம் கொஞ்சம் ஏறுகிறது. சத்தத்தால் கெட்ட காதின் கையெழுத்து அது, டாக்டர்கள் பார்த்த உடனே சொல்வார்கள். அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இது இருந்தது. விதிப்படி 8 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 90 டெசிபெல், 100 என்றால் 2 மணி நேரம், 115 என்றால் கால் மணி நேரம். பிரஸ் ஷாப்பில் யார் கடிகாரம் பார்த்தார்கள்? பஞ்சு அடைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளத்தில் என்னென்ன விழுந்துபோகும் என்று யோசியுங்கள். பேச்சில் ஸ, ஃப, த மாதிரி மெல்லிய உரசல் ஒலிகள், அதாவது பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்பது. சிம்பலின் சிலிர்ப்பு. கிட்டாரில் கம்பியைக் கீறுகிற அந்த முனை, எந்தக் கிட்டார் எது என்று பிரித்துக் காட்டுகிற முனை. அதை எடுத்துவிட்டால் மூன்று கிட்டார் ஒன்றாகக் குழையும், போர்வை போட்டு மூடின மாதிரி இருக்கும். பாஸ் டிரம்முக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றைக் கால், இரட்டைக் கால் எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து 2008 டைரியை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் அதில் இருந்தன, அவர் வாயால் சொன்னபடியே. டாக்டர் தாளில் போட்ட கோட்டை அவர் அத்தனை வருஷம் முன்னாலேயே எனக்கு வார்த்தையில் வரைந்து காட்டியிருக்கிறார். நான் ஓரத்தில் "கிட்டார் காது இல்லாத ஆள்" என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை ரொம்ப அழகாகிவிடும். திறந்த மைதானத்தில் சத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. உச்ச சுருதிகளைக் காற்றே குடித்துவிடும், தூரம் போகப் போகத் தாழ்ந்த ஒலிதான் மிஞ்சும், காற்று திரும்பினால் அதுவும் ஆடும். 2007இல் அவர் நின்றது பின்னால். சவுண்டைக் குறை சொன்ன மற்ற இரண்டு பேரும் பின்னால் நின்றவர்கள்தான். ஆகவே எவ்வளவு மைதானம், எவ்வளவு பிரஸ் என்று இப்போது பிரிக்க முடியாது. 2011இல் சிம்பல் மைக் பற்றிக் கேட்டதற்கு மட்டும் மைதானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன்.

இதற்குப் பிறகு பதினோரு பேரிடமும் திரும்பப் போய் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டேன்: எங்கே நின்றீர்கள், அப்போது எந்த ஷாப்பில் வேலை? ஏழு பேர் பதில் சொன்னார்கள். பெயின்ட் ஷாப்காரர் கூட்டத்தின் வியர்வை நாற்றத்தையும் மேடைப் புகையின் வாசத்தையும் சொன்னவர். மெஷின் ஷாப் தம்பி ஒருவன் மேடை விளக்குகள் ஒரே நேரத்தில் திரும்பிய ஒழுங்கைச் சொன்னவன். இதை வைத்துச் சித்தாந்தம் கட்ட மாட்டேன், ஏழு பேர் ஒரு சாம்பிள் ஆகாது என்று க்வாலிட்டி ஆளுக்குத் தெரியும். ஆனால் இனிமேல் யாராவது "சவுண்டு சரியில்ல" என்றால், சவுண்டைப் பற்றிச் சொல்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். பஸ் கதையில் ஆரம்பித்தால் குறுக்கே பேசவும் மாட்டேன்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். காது மெஷின் வாங்கியிருக்கிறார், மாட்டப் பிடிக்கவில்லையாம், தட்டு கழுவுகிற சத்தம் மண்டைக்குள் கேட்கிறதாம். டைரியில் ஓரத்தில் எழுதியிருந்ததைக் காட்டினேன். படித்துவிட்டு, "ஆமா, கிட்டார் காது இல்லதான்" என்றார். மெஷினை மாட்டச் சொல்லி மொபைலில் 'ராக் இன் ரியோ' போட்டேன். சின்ன ஸ்பீக்கர், பாஸ் ஒன்றுமே வரவில்லை. கிட்டார்கள் மட்டும் தகரத்தில் கீறுவது மாதிரி வந்தன. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். மெட்டு வந்தது, பிரேசில்காரன் பாட ஆரம்பித்தான்.

"ரெண்டு பேர் வாசிக்கிறானுங்க இல்ல?" என்றார்.

"மூணு பேர்ண்ணா."

"இரு, மொதல்லருந்து போடு."